எம லிங்கத்தில் கணக்குப் பாடம்

இருபத்தெட்டு வயதில் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவர் கட்டாயம் கேட்பார்: "பொண்ணுக்காம்மா?" எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. "எனக்குத்தாங்க" என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதன் பிறகு, "ஆமாங்க, நாலு பசங்க. ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஒம்பதாவது" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்கு மரியாதை கிடைத்தது.

அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களின் தலையெழுத்து அது. பள்ளிக்கூடத்தில் எந்தெந்தப் பாடத்திலிருந்து தப்பித்து ஓடினோமோ அத்தனையும் திரும்பி வந்து வாசலில் நிற்கும். நான் பி.காம். பத்தாவது முடித்த அன்றே அறிவியலைத் தலைமுழுகியவள். வரைபடத்தில் கங்கையைத் தெற்கே ஓடவிட்டதற்காக ஏழாவதில் பெஞ்சின் மேல் நின்றவள். இப்போது வரலாறு, அறிவியல், கணக்கு, அரசியலமைப்பு, புவியியல், நடப்பு நிகழ்வுகள், பொருளாதாரம், தமிழ் என்று எட்டையும் ஒரே தலைக்குள் குடிவைக்க வேண்டும். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போனது. ஐந்தாண்டுத் திட்டங்களை மனப்பாடம் செய்த வாரத்தில் வைட்டமின்கள் காணாமல் போயின.

இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தேன். முதல் தடவை எக்கச்சக்கமாகத் தோற்றேன். அதில் வருத்தம் இல்லை. இரண்டாவது தடவை மூன்றே கேள்வியில் போயிற்று. அந்த மூன்று கேள்வியை நினைத்து நான் அழுதது கொஞ்சநஞ்சமல்ல.

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "இன்னாமா, இன்னும் படிச்சினுதான் இருக்கியா?" பால் வாங்கப் போனாலும் அதுதான், கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பது மாதிரி கேட்டார்கள். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது. எங்கள் அத்தை ஒருபடி மேலே போய், "குண்டு சட்டியிலயே குதிர ஓட்டினு இருக்கா" என்று அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் தன் கம்பெனியிலேயே எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தான். மூன்றாவது தடவையும் வரவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. நானும் தலையாட்டியிருந்தேன். பெங்களூர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் படித்துப் படித்துத் தோற்று, ஊரைவிட்டுப் போனாள் என்று ஆகிவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அம்மாவோ பரணிலிருந்து பெட்டியை இறக்கி, துடைத்து, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். "தூசி தட்டலாம்னு எடுத்தேன்" என்றாள். தூசி தட்டிய பிறகும் அது மேலே போகவில்லை.

உட்கார்ந்து படித்தால் எனக்குத் தூக்கம் வரும். அதனால்தான் நடக்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் நடக்கக் கிளம்பினால் கால் தானாக எங்கே போகும்? மலையைச் சுற்றும் கிரிவலப் பாதைக்குத்தான். அப்படி ஒரு காலையில் அக்னி லிங்கத்தைத் தாண்டும்போது கையில் இருந்தது அறிவியல் புத்தகம். படித்துக்கொண்டிருந்தது எரிதல் வினை. அக்னியில் எரிதல். சட்டென்று நின்றுவிட்டேன். பின்னால் வந்த சாமியார் என்மேல் மோதப் பார்த்தார்.

எட்டுப் பாடம், பாதையில் எட்டு லிங்கம். அன்று மாலையே பிரித்துவிட்டேன். கோயில் பக்கத்து இந்திர லிங்கத்தில் வரலாறு, ராஜாக்கள் கதை அல்லவா? அக்னியில் அறிவியல். எம லிங்கத்தில் கணக்கு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிருதியில் அரசியலமைப்பு. மழைக்கு அதிபதியான வருணனிடம் புவியியல். வாயுவில் நடப்பு நிகழ்வுகள், இன்று அடித்து நாளை மாறும் சமாசாரம். குபேரனிடம் பொருளாதாரம். கடைசியாக, எங்கள் வீட்டுக்குப் பக்கமாக வரும் ஈசான்ய லிங்கத்தில் தமிழ். ஒரு லிங்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் கடை, மரம், தண்ணீர்த் தொட்டி, போர்டு ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியை மாட்டிவைத்தேன். பானிபட் போர் மூன்றும் மூன்று பூக்கடைகளில் இருந்தன. நிருதியைத் தாண்டியதும் வரும் இளநீர் வண்டிக்காரர்தான் பிரிவு பதினேழு, தீண்டாமை ஒழிப்பு. அவருக்கு அது தெரியாது.

என்னோடு ஒரு தோழியும் நடந்தாள். ஒரே பயிற்சி வகுப்பில் படித்தவள். டவுனில் மூன்று தலைமுறையாக மெத்தைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். "ரெண்டு பேரா போறதுன்னா போங்க" என்று அவள் அத்தா சொன்னதால் வந்தாள். அவளும் பாதையில்தான் பாடத்தை மாட்டினாள், ஆனால் லிங்கத்தில் இல்லை. வேகத்தடை, கரண்ட் கம்பம், டீக்கடை, இவைதான் அவளுக்கு. இன்னொரு வித்தியாசமும் இருந்தது. நடுவில் மெத்தைக் கடையிலிருந்து போன் வந்தால் அவள் பாட்டுக்குத் திரும்பி வந்த வழியே நடந்து போய்விடுவாள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். மலையை வலமாகத்தான் சுற்றுவது. எங்கள் வீட்டில் யாரும் மறுபக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை. பாதியில் கால் வலித்தால்கூட, மிச்சத் தூரத்தை ஆட்டோ பிடித்து முன்பக்கமாகவே போய் வீடு சேருவேன். இதில் ஒரு விவகாரம் ஒளிந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எம லிங்கத்துக்கு எதிரே ஓர் அக்கா டீக்கடை வைத்திருந்தார். அங்கேதான் நின்று கணக்குப் போடுவோம். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு, தினமும் அதே நேரத்துக்கு வரும் என்னை அந்த அக்கா என்னவோ பெரிய வேண்டுதலில் இருப்பவள் என்று எடுத்துக்கொண்டார். "சாமி காரியமா சுத்தற பொண்ணு, விரதமா இருக்கும், சக்கர கம்மியா போடு" என்று டீ ஆற்றுபவரிடம் சொல்வார். நானும் மறுக்கவில்லை. ஏனென்றால் ஊரிலேயே அவர் ஒருவர்தான் என்னிடம் 'இன்னுமா' என்று கேட்காதவர். வேண்டுதலுக்குச் சுற்றுகிறவளை எத்தனை வருடம் சுற்றினாலும் இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். படிக்கிறவளைத்தான் கேட்பார்கள். அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

முறை பலித்தது. பயிற்சி வகுப்பில் வாரத்துக்கு ஒரு பாடம் என்று தேர்வு வைத்தார்கள். கண்ணை மூடினால் போதும், பாதை ஓடும், விடைகள் கடைகடையாக வந்து நிற்கும். எட்டு வாரமும் முதல் மூன்று பேருக்குள் வந்தேன். அம்மா பெட்டிக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அதுவே எனக்கு வெற்றிதான்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு பள்ளிக்கூடத்தில் முழு மாதிரித் தேர்வு. இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம், எல்லாப் பாடமும் கலந்து. முதல் கேள்வியே தமிழில், இலக்கணம். கண்ணை மூடினேன். மனம் இந்திர லிங்கத்தில் போய் நின்றது. தமிழ் இருப்பதோ ஈசான்யத்தில். பதினான்கு கிலோமீட்டர் கடைசியில்! வேறு வழி தெரியாமல் மனத்துக்குள் ஓடினேன். பிறகு பொதுஅறிவுப் பகுதி. குபேரனில் ஒரு கேள்வி, அடுத்தது அக்னியில். குபேரனிலிருந்து அக்னிக்குத் திரும்பி நடக்க என் மனம் மறுத்தது. சத்தியமாக மறுத்தது. ஈசான்யம் போய், இந்திரனைத் தாண்டி, மறுபடி சுற்றித்தான் வந்தது. அடுத்த கேள்வி எமன், பக்கம்தான், சரி. அதற்கடுத்தது மறுபடி இந்திரன். இப்படி மலையை எத்தனை தடவை சுற்றினேனோ தெரியாது. மணி அடித்தபோது அறுபது கேள்வி பாக்கி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள். "ஏன்டி ஒவ்வொரு கேள்விக்கும் கண்ண மூடினு உக்காந்துட்ட? தூங்கிட்டியா?"

சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியிருந்த யாருடைய ஸ்கூட்டியையோ பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கென்னடி, நீ எந்தப் பக்கம் வேணா போவ" என்று கத்திவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அவளைக் கூப்பிடாமல் தனியாகக் கிளம்பினேன். ஈசான்யத்திலிருந்து எதிர்த்திசையில் நடந்து பாதையை மனத்துக்குத் திருப்பிப் பழக்கிவிடுவது என்று வைராக்கியம். எதிர்ப்பக்கமாக நடந்தபோதுதான் தெரிந்தது, நான் அந்தப் பாதையைப் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று. போர்டுகளெல்லாம் முதுகைக் காட்டின. பொருளாதாரத்தை மாட்டியிருந்த கடையின் இந்தப் பக்கச் சுவர் எந்தக் கடைச் சுவரென்றே தெரியவில்லை. தினமும் எதிரே பார்க்கக் கிடைக்காத ஜனங்கள் எல்லாம் முகத்துக்கு நேரே வந்தார்கள். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர், "ராங் சைடுல வர்றீங்களேம்மா" என்றார். இடுக்குப் பிள்ளையார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சின்னக் கோயிலில் ஒருபக்கம் நுழைந்து உடம்பை ஒருக்களித்து ஊர்ந்து மறுபக்கம் வெளியே வருவார்கள். வந்தவர்கள் முகத்தில் எல்லாம் 'அப்பாடா' என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது. மூன்று வாரம்தான் இருந்தது. வீட்டில் பெட்டி இருந்தது.

தோழிக்கு நானே போன் செய்தேன். கோபப்பட்டதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அரைமணி நேரத்தில் தன் அண்ணனின் வண்டியில் வந்து இறங்கினாள். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு டூ வே. உனக்கு ஒன் வே. அவ்ளோதானே? ஒன் வேயில போறவங்க வீட்டுக்குப் போயே சேரலியா?"

"பரீட்சைல அதுக்கு டைம் இல்லடி."

"மலய எதுக்குத் திருப்பற? பேப்பர திருப்பு."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். கேள்வி எந்த வரிசையில் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். வினாத்தாளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டி வரலாற்றுக் கேள்வியை மட்டும் எழுது. திரும்ப முதலிலிருந்து புரட்டி அறிவியலை மட்டும் எழுது. அப்படி எட்டுச் சுற்று. மனம் மலையை ஒரே ஒரு முறை சுற்றினால் போதும். "நீ தான் சுத்தறதுல எக்ஸ்பெர்ட் ஆச்சே" என்றாள்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. விடைத்தாளில் கேள்வி எண்ணுக்கு நேராக வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். தாவித் தாவி எழுதும்போது ஒரு வரி இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் இறங்கிக்கொண்டே போகும். கரணம் தப்பினால் பெங்களூர். நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களை எட்டுச் சுற்றாக எழுதிப் பழகினோம். முதல் தடவை நாலு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் மூன்றே கால். தேர்வுக்கு முந்தின நாள், பத்து நிமிடம் மிச்சம்.

தேர்வு அறையில் நான் வினாத்தாளைப் புரட்டிய புரட்டில் கண்காணிப்பாளர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாம்மா, பக்கம் எதனா இல்லியா?"

"இல்லங்க மேடம், சுத்தினு இருக்கேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் என் ஹால் டிக்கெட்டை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு என் பெஞ்சைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

இந்திரன், அக்னி, எமன். நிருதியில் இளநீர்க்காரர் நினைவுக்கு வந்தார், பிரிவு பதினேழு வந்தது. வருணனிடம் வடகிழக்குப் பருவமழை. குபேரனை முடித்தபோது ஐம்பது நிமிடம் இருந்தது. தமிழ் மட்டும் நூறு கேள்வி. அந்த நேரம் மனத்தில் இடுக்குப் பிள்ளையார் வந்தார். உடம்பை ஒருக்களித்து, மூச்சைப் பிடித்து ஊர்ந்தேன். கடைசி வட்டத்தைக் கறுப்பாக்கியபோது ஏழு நிமிடம் மிச்சம்.

அப்போதுதான் பார்த்தேன், நூற்று எண்பத்தொன்றாம் கேள்விக்கு நேரே வரி காலி. ஒரு வரி காலி என்றால் எங்கோ ஒன்று இறங்கியிருக்க வேண்டும். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முடித்தபோது ஒரு நிமிடம்தான் இருந்தது. எதுவும் இறங்கவில்லை. அது ஒரு கணக்கு, ஆட்களும் வேலை நாட்களும். எம லிங்கத்தில் நான் பார்க்காமல் தாண்டிவந்த ஒரே கேள்வி. திரும்பி நடந்து போக நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஐந்தாவது வட்டம் 'விடை தெரியவில்லை' என்று சொல்பவர்களுக்கானது. அதைத் திருத்தமாகக் கறுப்பாக்கினேன். இரண்டரை வருடமாகத் தெரியும் தெரியும் என்று முணுமுணுத்தே பழகிய எனக்கு, ஒன்றைத் தெரியவில்லை என்று சொன்னதில் இருந்த சுகம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது!

முடிவு வந்த அன்று நான் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தோழி வண்டியில் வந்து தெருமுனையிலிருந்தே கத்தினாள். "வந்துட்டடி! ரெண்டு பேரும் வந்துட்டோம்!" சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. சத்தமாக அழுதேன்.

அம்மா உள்ளே போனாள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஸ்டூலின் மேல் நின்று பெட்டியைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. நான் கீழேயிருந்து தாங்கித் தள்ளினேன். சுவரோரம் போய் இடிக்கும்வரை தள்ளினோம்.

மறுநாள் எம லிங்கத்து டீக்கடைக்குப் போனேன். கையில் புத்தகம் இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்கா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "வேண்டுதல் பலிச்சிச்சாம்மா?"

இத்தனை நாள் அவரை ஏமாற்றிவிட்டோமே என்று உறுத்தியது. "வேண்டுதல் இல்லக்கா. பரீட்சைக்குப் படிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "அது எனக்குத் தெரியாதாம்மா? கையில புக்கு வச்சினுதான சுத்தின? எத்தினி பேரு இப்படி சுத்தறாங்க" என்றார். "படிக்கிறியான்னு கேட்டா மூஞ்சி சுருங்கிப் போவுது புள்ளைங்களுக்கு. அதான் கேக்கறதில்ல." அன்று சர்க்கரையை ஜாஸ்தியாகப் போடச் சொன்னார்.

இப்போது செங்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. தோழி ஆரணியில். தினமும் காலை எட்டு மணி பஸ், செங்கம் ரோட்டில். அக்னி லிங்கம் வரும்போது எரிதல் வினையும், எமன் வரும்போது கூட்டுவட்டியும் கூப்பிடாமலேயே வந்து தலைக்குள் உட்கார்ந்துகொள்கின்றன. போக மாட்டேன் என்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாலையில் திரும்பும் பஸ் மறுபக்கமாக வருகிறது. முதலில் எமன், அப்புறம் அக்னி. போர்டுகள் முதுகைக் காட்டுகின்றன. அந்தப் பக்கத்தில் நான் எதையும் மாட்டிவைக்கவில்லை. ஒரு பாடமும் வருவதில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "வேலைக்குப் போய்ட்டு வர்றியாம்மா?" என்று கேட்கிறார். "ஆமாங்க" என்கிறேன். ஜன்னல் வழியே மலை தெரிகிறது.